ஏழேகால் கொலையின் கொடுவாள்

கள்ளக்குறிச்சியில் ஒரு கொலை வழக்குக்குத் தீர்ப்புச் சொல்ல நீதிபதி தயாராக உட்கார்ந்திருந்தார். வக்கீல்கள் கறுப்பு அங்கிக்குள் வெந்துகொண்டிருந்தார்கள். குற்றம் சாட்டப்பட்டவன் டீயில் பிஸ்கட்டை நனைத்துத் தின்றுகொண்டிருந்தான். கொலை செய்த கொடுவாளை மட்டும் காணவில்லை.

பதறவேண்டாம், டி.வி. சீரியல்தான். 'ஏழேகால் செய்தி' என்று பெயர். மலையூர் ஒன்றில் ரேடியோ நிலையம்; அதில் ஏழேகால் செய்தி வாசித்துக்கொண்டிருக்கும் பெண், கடைசி வணக்கத்தைப் பாதி சொல்லும்போது குரல் நின்றுபோகிறது. கதவைத் திறந்தால் மைக்குக்கு முன்னால் பிணம். சந்தேகத்துக்கு ஐந்து பேர். அதற்கப்புறம் கதை முழுக்கக் கோர்ட்டு. அது ஓடுகிற அரை மணி நேரத்தில் எங்கள் ஊரில் திருடன்கூடத் தொழிலுக்குப் போவதில்லை. அவனுக்கும் கொலைகாரன் யாரென்று தெரியவேண்டியிருந்தது.

நான் சின்னதுரை. கோர்ட்டில் டவாலியாக இருந்து ஓய்வு பெற்றவன். குறுக்கே சிவப்புப் பட்டையும் பித்தளை வில்லையும் மாட்டிக்கொண்டு வாசலில் நின்று சாட்சிகளின் பெயரை மும்முறை கூப்பிடுவது என் வேலை. நான் கூப்பிட்டால் கச்சிராயபாளையத்தில் உழுதுகொண்டிருக்கும் மாடு நின்று திரும்பிப் பார்க்கும். கோமுகி அணையில் தண்ணீர் ஓரடி ஏறியதாகவும் ஒரு பேச்சு உண்டு. அதைக் கிளப்பிவிட்டவன் நான்தான் என்றாலும் இப்போது ஊரே சொல்கிறது. சீரியல்காரர்கள் டவாலி வேஷத்துக்கு ஆள் தேடியபோது என்னை விட்டுவிட்டு வேறு யாரைப் பிடிப்பார்கள்?

கோர்ட்டாக மாறியிருந்தது ஒரு கல்யாண மண்டபம். மணமக்கள் உட்காரும் மேடையில் நீதிபதி. அவருக்குப் பின்னால் தெர்மகோல் அன்னப்பறவை இரண்டு. அட்டையில் வரைந்த சட்டப் புத்தக அலமாரியால் அவற்றை மறைத்திருந்தார்கள். கேமரா ஒரு விரற்கடை சாய்ந்தால் போதும், நீதிபதியின் தோளுக்கு மேலே ஒரு பறவை எட்டிப் பார்க்கும்.

அன்றைக்குத் தீர்ப்புக் காட்சி. மறுநாள் காலையில் மண்டபத்தில் நிஜக் கல்யாணம். வாசலில் வாழைமரங்களை இறக்கியாகிவிட்டது. அதாவது, சாயங்காலத்துக்குள் தீர்ப்பு சொல்லியாக வேண்டும். தீர்ப்புக்குக் கொடுவாள் வேண்டும்.

வேறு ஒன்றை வைத்துக்கொள்ளலாமே என்பீர்கள். முடியாது. அந்தக் கொடுவாளின் நுனியில் ஒரு சிறு பிசிறு உடைந்திருக்கும். பிடியில் கறுத்த பழைய மரம், மேலே பித்தளைப் பூண். ரேடியோ நிலையத்தில் விவசாய நிகழ்ச்சிக்கு அலங்காரமாகச் சுவரில் மாட்டிவைத்திருந்த பொருள் என்பது கதை. உடைந்த நுனியும் கதவிலிருந்த வெட்டும் பொருந்துகிறதா என்று வக்கீல்கள் வாரக்கணக்கில் மல்லுக்கட்டியதால் அதன் முகம் கதாநாயகியின் முகத்தைவிட ஜனங்களுக்கு நன்றாகத் தெரியும். இதற்கு முன் ஒரு நாள் நீதிபதியின் கண்ணாடி மாறிப்போனதற்கே செல்போனில் கிழித்துத் தோரணம் கட்டிவிட்டார்கள்.

மேனேஜர் ராசு கடைத்தெருவுக்கு ஆளனுப்பி ஒரு புதுக் கொடுவாள் வாங்கிவந்தார். டைரக்டர் தேவதர்ஷினி அதைத் திருப்பிப் பார்த்தார். சின்ன வயது, ஆனால் அந்தம்மா புருவம் தூக்கினால் ஜெனரேட்டர் நின்றுவிடும்.

"ஸ்டிக்கரயாச்சும் கிழிச்சிட்டு எடுத்துக்கினு வரக்கூடாதா ராசு?"

"கிழிச்சிடறேன் மேடம்."

"வேணாம். திருப்பிக் குடுக்கணும்னா அது தேவப்படும்."

ராசு முகம் கடுகடுக்கத் திரும்பினார். அவர் பார்வை போய் நின்ற இடத்தில் எழில்மதி இருந்தாள். செட்டில் வைக்கிற சாமான்களுக்கெல்லாம் பொறுப்பு அவள்தான், ப்ராப்பர்ட்டி என்பார்கள். நைனார்பாளையத்துப் பெண். அப்பாவும் அம்மாவும் அடுத்தவர் காட்டில் கூலிக்குப் போகிறவர்கள். சினிமாக்காரர்களோடு பெண் சுற்றுகிறாள் என்று தெருவே முணுமுணுக்க, அதைக் காதில் வாங்காமல் வேலைக்கு வந்தவள்.

"பொட்டி சாவி உங்கிட்டதான் இருந்துச்சு. பொருள் காணும். யாரு எடுத்திருப்பா, காக்காவா?" என்றார் ராசு.

"போன வாரம் ஷூட்டிங் முடியறப்ப டேபிள் மேல இருந்துச்சு சார். நான் ரேடியோ மைக்க கட்டிக்கினு இருந்தேன். திரும்பிப் பாத்தா இல்ல. நீங்கதான் எடுத்து வச்சிருப்பீங்கன்னு..."

"நான் எடுத்து வச்சி இன்னா, கரும்பு வெட்டப் போறனா? பழைய பொருளுக்கு அலையறவன் எவனுக்காச்சும் தள்ளிவிட்டிருப்பே. சாயங்காலத்துக்குள்ள வரலன்னா மூட்டையக் கட்டிக்கோ. திருடின்னு எல்லா யூனிட் குரூப்புலயும் போட்டோவோட போட்டுடுவேன். அப்புறம் உனக்குக் களையெடுக்கற வேலதான்."

அவள் அழவில்லை. அதுவே எனக்குப் பிடித்திருந்தது. கீழே குனிந்து, தேடி முடித்த பெட்டியையே மறுபடியும் தேட ஆரம்பித்தாள்.

எனக்கோ உள்ளுக்குள் பாயசம் பொங்கியது. பாவம் அந்தப் பெண் என்று ஒரு பக்கம். இன்னொரு பக்கம், இத்தனை வருஷம் கோர்ட்டில் அடுத்தவர் வழக்கை வாசலில் நின்று கேட்டவன். இன்றைக்கு வழக்கே என் மடியில் வந்து விழுந்திருக்கிறது. உடனே எல்லோரையும் சந்தேகப்படத் தொடங்கினேன்.

முதலில், குற்றம் சாட்டப்பட்டவனாக நடிக்கும் ஆகாஷ். தீர்ப்பு வந்துவிட்டால் அவனுக்கு அடுத்த நாள் வேலை இல்லை. தீர்ப்பு தள்ளிப்போனால் லாபம் அவனுக்குத்தான். பிஸ்கட்டை அவன் நனைத்த விதத்திலேயே ஒரு கள்ளத்தனம் தெரிந்தது. அடுத்து மண்டபத்து வாட்ச்மேன் முருகவேல். அவனுடைய துணிப்பை அன்றைக்கு வழக்கத்தைவிட நீளமாக இருந்தது. எட்டிப் பார்த்தேன், முருங்கைக்காய். நீதிபதி வேஷக்காரர் மேல்கூட ஒரு கண் வைத்தேன். அத்தனை சாந்தமான மனிதரை நான் நம்புவதில்லை.

இதற்கிடையில் வீட்டிலிருந்து போன். என் மனைவி ரங்கம்மாள்.

"கொடுவா காணாம பூடுச்சாமே. தெருவே பேசிக்கினு இருக்குது. நீங்கதான் எடுத்தாந்து பரண் மேல வச்சிருக்கீங்களா?"

"நான் எதுக்குடி எடுக்கறேன்?"

"ரிட்டயர் ஆவறப்ப கோர்ட்டு மணிய எடுத்துக்கினு வரணும்னு துடிச்சவருதானே. நான் பரணப் பாத்துட்டேன். இல்ல. வேற எங்க வச்சீங்க?"

இப்படி, சந்தேகம் என்னையும் ஒரு சுற்று சுற்றிவிட்டுப் போனது. அப்போதுதான் அந்த யோசனை வந்தது. தேவதர்ஷினியிடம் போய்க் குழைந்தேன்.

"மேடம், கோர்ட்டு இருக்குது. ஜட்ஜு இருக்காரு. கூண்டு இருக்குது. சும்மாதானே ஒக்காந்துக்கினு இருக்கோம். நம்மளே விசாரிச்சுப் பாத்தா இன்னா?"

ராசு, "பெருசுக்கு வெயில் ஏறிடுச்சு" என்றார்.

தேவதர்ஷினி என்னைப் பார்த்தார், காலிக் கூண்டைப் பார்த்தார், வாழைமரத்தைப் பார்த்தார். "நடத்துங்க சார். வேற இன்னா பண்றது" என்றார்.

நீதிபதி வேஷக்காரர் அதற்காகவே பிறந்தவர்போல் முதுகை நிமிர்த்திக்கொண்டார். பட்டையைச் சரிசெய்துகொண்டு வாசலில் நின்றேன். "முருகவேல்... முருகவேல்... முருகவேல்..." மண்டபத்து டியூப்லைட் இரண்டு முறை கண் சிமிட்டியது. முருகவேல் எனக்கு ஒரு முழம் தள்ளித்தான் நின்றிருந்தான். காதைப் பொத்திக்கொண்டு கூண்டேறினான்.

"உம் பேரு?" என்றார் நீதிபதி.

"அதான் இந்தாளு காது கிழியக் கூப்ட்டாரே. அதுகூடத் தெரியாம இன்னா ஜட்ஜு நீங்க?"

"கூண்டுல நின்னுக்கினு எதிர்க் கேள்வி கேக்கக் கூடாது. போன வாரம் கடைசி நாள், வெளியாளு யாருனா உள்ள வந்தாங்களா?"

முருகவேல் யோசித்தான். "வந்தாரு ஒருத்தரு. மலைக்காரரு மாதிரி இருந்தாரு. கையில கொடை. மேனேஜரப் பாக்கணும்னாரு, வுட்டேன். போவசொல்ல கக்கத்துல செவப்புத் துணில நீளமா இன்னாவோ சுத்தி எடுத்துக்கினு போனாரு. நிறுத்திக் கேட்டேன். மேனேஜருதான் எடுத்துக்கினு போவச் சொன்னாருன்னாரு. மேனேஜரே சொல்லிட்டா நான் யாரு?"

"பொய்யி. எங்கிட்ட எந்த மலைக்காரனும் வரல" என்றார் ராசு.

நீதிபதி என் பக்கம் திரும்பினார். நான் அதற்குள் மூச்சை இழுத்து வைத்திருந்தேன். "ராசு... ராசு... ராசு..." கூப்பிட்டதில் எனக்குக் கிடைத்த சுகத்தை எழுத்தில் சொல்ல முடியாது. ராசு முனகிக்கொண்டே கூண்டில் ஏறினார். ஏறியவுடன், யாரும் சொல்லாமலே, கட்டியிருந்த கையைத் தொங்கப் போட்டார். அட்டையில் செய்த கூண்டுதான். இருந்தாலும் கூண்டு கூண்டுதானே.

"அன்னிக்கு உங்கிட்ட யாருதான் வந்தா?"

"பாத்திர வாடகைக்காரன் வந்தான் சார். என் சாமான எடுத்துக்கினு போவட்டுமான்னான். எடுத்துக்கினு கெளம்புன்னேன். அவ்ளோதான்."

"அவன் மொகத்தப் பாத்தியா?"

"சேனல்காரங்ககிட்ட போன் பேசிக்கினு இருந்தேன். அண்டாக்காரன் மொகத்த எதுக்குப் பாக்கணும்?"

பெட்டியோரம் குனிந்திருந்த எழில்மதி எழுந்து நின்றாள். "பாத்திரக்காரரு அதுக்கு முந்தின நாளே எடுத்துக்கினு போயிட்டாரு சார். ஒரு அண்டா நசுங்கிடுச்சுன்னு அவருகூட நீங்க சண்ட போட்டீங்க."

பார்வையாளர் வரிசையில் உட்கார்ந்திருந்த துணை நடிகர்கள் சிரித்தார்கள். கேமரா ஓடும்போது எத்தனை முறை சொன்னாலும் சிரிக்காதவர்கள்.

"அப்போ வந்தது?" என்று தேவதர்ஷினி அவளைக் கேட்டார்.

"வெள்ளிமலையில செங்கம்மாக்கா வூட்டுல இருந்துதான் மேடம் கொடுவா வாங்கினேன். அறுப்புக்கு முன்ன திருப்பித் தரேன்னு சொல்லி வாங்கினேன். அவங்க வூட்டுக்காரரு அப்ப ஊர்ல இல்ல. கேரளாவுக்குத் தோட்ட வேலைக்குப் பூட்டாரு. அவருதான் வந்திருக்கணும். பேரு மாயவன். காலையில இருந்து அக்காவுக்குப் போன் போட்டுப் பாக்கறேன், மலையில டவர் கெடைக்கல."

ஒரு பெயர் காதில் விழுந்துவிட்டால் என்னால் சும்மா இருக்க முடியாது. ஆள் அறுபது கிலோமீட்டருக்கு அப்பால் மலையில் இருக்கிறான் என்று தெரிந்தும், சாங்கியத்துக்காக வாசலுக்குப் போனேன். அடிவயிற்றிலிருந்து எடுத்தேன்.

"மாயவன்... மாயவன்... மாயவன்..."

வாழைமரத்துக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்த ஒரு பெண் எழுந்து நின்றாள். மடியில் துணிப்பை.

"அவரு வரலைங்க. நான் அவரு வூட்டுக்காரி. செங்கம்மா."

என் குரல் மலைக்குப் போய் அவளைத் தூக்கிவந்துவிட்டது என்றுதான் இன்றுவரை டீக்கடையில் சொல்லிவருகிறேன். உண்மையில் அவள் முதல் பஸ்ஸுக்கே வந்திருந்தாள். எழில்மதி எங்கே என்று அவள் கேட்டபோது, உதவி டைரக்டர் ஒருவர் அவளைத் துணை நடிகை என்று நினைத்து வாசலிலேயே உட்காரவைத்திருக்கிறார்.

"காலையில இருந்து ஒக்காந்துக்கினு இருக்கறன். பொங்கலு குடுத்தாங்க, தின்னன். வேற சேல கட்டிக்கச் சொன்னாங்க, மாட்டன்னுட்டன்" என்றபடி உள்ளே வந்தாள். எழில்மதியைக் கண்டதும் பையிலிருந்து மடித்த சிவப்புத் துணியை எடுத்து நீட்டினாள். "ஒங்க துணி எங்க வூட்டுக்கு வந்துடுச்சு பாப்பா. சீட்டுகூட அதுலயே தச்சிருக்குது. அடுத்தவங்க பொருளு எங்களுக்கு எதுக்கு?"

துணியோரத்தில் 'சான்றுப் பொருள் 1' என்ற சீட்டு அப்படியே இருந்தது.

ராசு கூண்டிலிருந்து தாவி இறங்கினார். "பாத்தீங்களா, திருட்டு அங்கதான். கொடுவா எங்க?"

"இருப்பா," என்றாள் செங்கம்மாள். "நான் சொல்லிட்டுப் போறன். எங்க நிக்கணும்? இங்கியா?" என்று அவளே கூண்டில் ஏறிக்கொண்டாள்.

"உண்மையத்தான் சொல்லணும்" என்றார் நீதிபதி.

"பொய் சொல்றதுக்கா இத்தன வளைவுல வாந்தி எடுத்துக்கினு வருவன்?"

அவள் சொன்னதை அவள் சொன்னபடியே எழுதிவிடுகிறேன். இதில் நான் ஒரு வார்த்தைகூட ஏற்றவில்லை.

"இவரு கேரளாவுல இருந்து வந்தவுடனே பக்கத்து வூட்டு டி.வி.யில நாடகம் பாத்தோம். நம்ம கொடுவா பாரு, நம்ம கொடுவா பாருன்னு தெருவுல இருக்கறவங்களையெல்லாம் இஸ்துக்கினு வந்து காட்டினாரு. அன்னிக்கு அதுல செவப்பா இருந்துச்சு. சாயந்தானேன்னு சொன்னன். அவரும் சிரிச்சாரு. அப்புறம் கோர்ட்டுல காட்டினீங்களே, அப்ப கறுத்துப் போயி இருந்துச்சு. இவரு பேச்சையே வுட்டுட்டாரு. சாயம் வெளுக்கும், கறுக்காதுடின்னாரு. ரத்தந்தான் கறுக்கும்னாரு. மறுநாளு கொடைய எடுத்துக்கினு கெளம்பிட்டாரு. இங்க வந்து மோந்து பாத்திருக்காரு. அப்புறம் யாரையும் கேக்கவேண்டிய அவசியம் இல்ல. ஆனா அவரு கேட்டுட்டுத்தான் எடுத்தாரு. இங்க இருக்கற மேனேஜரு ஐயாவத்தான் கேட்டாரு. எடுத்துக்கினு போவச் சொன்னாரு."

என் மண்டைக்குள் ஒரு சத்தம்: ஈ. கோர்ட்டுக் காட்சி முழுக்க அந்தக் கொடுவாளின் மேல் ஈ மொய்த்துக்கொண்டேயிருந்தது. நான் துண்டால் விரட்டப் போனபோது தேவதர்ஷினி, "விரட்டாதீங்க சார், நல்லா இருக்கு" என்றார். நானும் சர்க்கரைப் பாகு என்று நினைத்து விட்டுவிட்டேன். ஊரையெல்லாம் சந்தேகப்பட்ட நான் ஈயைச் சந்தேகப்படவில்லை.

"அது சாயந்தானே எழில்?" என்றார் தேவதர்ஷினி.

"நான் கலந்தது சாயந்தான் மேடம். பாகும் செவப்புப் பவுடரும். தக்காளிச் சட்னி மாதிரி இருக்குதுன்னு நீங்க சொன்னீங்க. ராசு சாரு என்ன நாற்காலி எடுத்தாரச் சொல்லி அனுப்பினாரு. திரும்பி வந்தா வேற ரத்தம் இருந்துச்சு. இது ஏதுன்னு கேட்டேன். சென்னையில இருந்து வந்த ஒரிஜினல் கலருன்னாரு."

எல்லோரும் ராசுவைப் பார்த்தார்கள். ஆகாஷ்கூட பிஸ்கட்டை வைத்துவிட்டுப் பார்த்தான்.

ராசு கழுத்தைத் துடைத்துக்கொண்டார். "கோழி ரத்தந்தான் மேடம். சீனு நல்லா வந்துச்சுன்னு நீங்களே சொன்னீங்களே. கழுவினா போவப்போவுது. கொடுவாள்னா வெட்டத்தானே?"

"வெட்டறதுக்கு வேற இருக்குது" என்றாள் செங்கம்மாள். குரல் ஏறவில்லை. "கோழிக்கு, ஆட்டுக்கு, வெறவுக்கு எல்லாத்துக்கும் வேற இருக்குது. இது எங்க மாமனாரு வூட்டுது. சாமை அறுக்கறப்ப மொதக் கைப்பிடிய இதாலதான் அறுத்து சாமிக்கு வெப்போம். வருசத்துல அந்த ஒரு வேலதான் அதுக்கு. ரத்தமே படக்கூடாது. அதச் சொல்லித்தான் பாப்பாகிட்ட குடுத்தன். சாயத்தத் தவிர எதுவும் படாதுக்கான்னு சொல்லி வாங்கிக்கினு வந்துச்சு. இப்ப அத கழுவி சாமி காலடியில போட்டிருக்கறாரு. அடுத்த வருச அறுப்பு வரைக்கும் அங்கதான் கெடக்கணும். யாரும் எடுக்கக்கூடாது. இந்த வருச அறுப்புக்குப் பங்காளி வூட்டுக் கொடுவாளத்தான் போயிக் கேக்கணும். உங்களுது இன்னாச்சுன்னு கேப்பாங்க. நாங்க இன்னா சொல்றது, டி.வி.யில நடிக்கப் போச்சுன்னா?"

எழில்மதி அவளருகே போனாள். "எனக்குத் தெரியாதுக்கா."

"தெரியாதுன்னு தெரியும். அதனாலதான் துணியக் கொண்டாந்தன். இல்லன்னா வந்திருக்கவே மாட்டன்."

தேவதர்ஷினி மேடைப் படியில் உட்கார்ந்துவிட்டார். கொடுவாள் வராது, மண்டபமும் நாளைக்கு இருக்காது. ராசு மட்டும் அதிலும் ஒரு சந்து கண்டுபிடித்தார். "எப்படிப் பாத்தாலும் பொருள வாங்கினது இவதான் மேடம். பொறுப்பு இவளுதுதான்."

"ஆமா," என்றாள் எழில்மதி. "பொறுப்பு என்னுதுதான். கொடுவா கீழ வராது மேடம். நாம மேல போனா?"

எனக்குப் புரிந்துவிட்டது. "ஸ்தலப் பார்வை" என்று முந்திக்கொண்டேன். "நெசக் கோர்ட்டுலயே உண்டு மேடம். பொருள நகர்த்த முடியலன்னா ஜட்ஜே எடத்துக்குப் போயிப் பாப்பாரு. நான் ஒரு தடவ மாஜிஸ்ட்ரேட்டோட கெணத்துக்குள்ளயே எறங்கியிருக்கேன்." கிணற்றுக்குள் இறங்கவில்லை, எட்டித்தான் பார்த்தோம். ஆனால் அந்த நேரத்தில் இறங்க வேண்டியிருந்தது.

தேவதர்ஷினியின் புருவம் மெல்ல உயர்ந்தது.

எழில்மதி கூண்டு விளிம்பைப் பிடித்துக்கொண்டு கேட்டாள். "பாக்கலாமாக்கா? தொட மாட்டோம். கேமராவத் தள்ளி வச்சிக்கறோம்."

செங்கம்மாள் ஒவ்வொரு முகமாகப் பார்த்தாள். அவள் எங்களைச் சந்தேகப்பட்ட அளவுக்கு நான் யாரையும் சந்தேகப்பட்டதில்லை.

"நீ வந்தா பாக்கலாம்" என்றாள். "ஒன்ன நம்பித்தான் குடுத்தன். நீ இல்லாம இவங்க மட்டும் வந்தா அவரு வாசப் படலக்கூடத் தொறக்க மாட்டாரு. இன்னொண்ணு. ஊத்தினவரும் வரணும். சாமி முன்னால நின்னு, நாந்தான் ஊத்தினேன்னு வாயால சொல்லணும்."

"நான் எதுக்கு..." என்று ராசு ஆரம்பித்தார்.

"ஜீப்புக்குச் சொல்லுங்க ராசு" என்றார் தேவதர்ஷினி.

மறுநாள் காலை மூன்று ஜீப்புகளில் மலையேறினோம். நீதிபதி அங்கியோடு முன் இருக்கையில். ஐப்பசி மழை பெய்து ஓய்ந்து, வளைவுக்கு வளைவு பனி. எதிரே இறங்கி வந்த பஸ்காரர் ஜீப்பு நிறையக் கறுப்புக் கோட்டைப் பார்த்து ஓரமாக ஒதுங்கி நின்றுவிட்டார். மலையையே யாரோ ஜப்தி செய்ய வருகிறார்கள் என்று அன்றைக்கு வெள்ளிமலை முழுக்கப் பேச்சு. மூன்றாவது வளைவில் அரசு வக்கீலும் ஐந்தாவது வளைவில் எதிர்த்தரப்பு வக்கீலும் ஜீப்பை நிறுத்தி இறங்கினார்கள். வாழ்க்கையில் முதல் முறையாக இருவருக்கும் ஒரே கருத்து.

மாயவன் வாசல் மூங்கில் படலுக்கு வெளியே குடையை ஊன்றிக்கொண்டு நின்றிருந்தார். ஒல்லியான மனிதர். எழில்மதியை மட்டும் பார்த்துத் தலையசைத்தார். வீட்டுக்குப் பின்னால் ஒரு மரம், அடியில் மஞ்சள் பூசிய கல். கல்லின் காலடியில் கொடுவாள் கிடந்தது. இரும்பு சுத்தமாக இருந்தது. பித்தளைப் பூணுக்கு அடியில், மரம் குடித்துவிட்ட இடத்தில் மட்டும் ஒரு கறுப்புக் கோடு போகாமல் நின்றிருந்தது. அதைப் பார்த்ததும் என் விளையாட்டுப் புத்தி கொஞ்ச நேரம் வாயை மூடிக்கொண்டது. கொஞ்ச நேரம்தான்.

"கூப்பிடுங்க" என்றார் மாயவன் என்னிடம். வந்திருந்ததில் பட்டை போட்டவன் நான் ஒருவன்தான்.

"ராசு... ராசு... ராசு..."

எதிர் மலை மூன்று முறையும் திருப்பிச் சொன்னது. ராசு செருப்பைக் கழற்றிவிட்டு, ஈர மண்ணில் நின்று, கல்லைப் பார்த்து ஏதோ முணுமுணுத்தார்.

"சத்தமா சொல்லுங்க. சாமிக்கு வயசாயிடுச்சு" என்றார் மாயவன்.

"நாந்தான் ஊத்தினேன். கேக்காம ஊத்தினேன்." ராசு கல்லை விட்டு எழில்மதி பக்கம் திரும்பினார். "பழிய இந்தப் பொண்ணு மேல போட்டேன்." இதை யாரும் சொல்லச் சொல்லவில்லை. தானாக வந்து விழுந்தது.

தேவதர்ஷினி என் காதில், "மூஞ்சியப் பாருங்க சார். பேசாம கொலகாரன மாத்தி இவரையே போட்டுடலாமா?" என்றார்.

அப்புறம் எழில்மதி போய் நின்றாள். அவளை யாரும் கூப்பிடவில்லை. "வாங்கிக்கினு போனது நான். ஏதுன்னு அன்னிக்கே ஒரு தடவ கேட்டேன். ஒரு தடவ கேட்டேன். ஆனா மறுபடி கேக்காம வுட்டுட்டேன்."

மாயவன் குடையைச் செங்கம்மாளிடம் கொடுத்துவிட்டுக் கல்லுக்குப் பக்கத்தில் போய் உட்கார்ந்தார். "எந்தப் பக்கம் தெரியணும் பாப்பா?"

"நுனி ஒடஞ்ச பக்கம்ணா. கொஞ்சம் எடது கைப்பக்கம் திருப்பினா போதும்."

அவரே விரலால் அரை அங்குலம் திருப்பினார். கேமரா தூரத்தில் நின்று அதைப் பார்த்துக்கொண்டது. நீதிபதி பனிக்கு நடுவில் நின்று தீர்ப்பைச் சொன்னார். கொலைகாரன் யாரென்று என்னிடம் கேட்காதீர்கள். வெளியே சொல்லக்கூடாது என்று கையெழுத்து வாங்கியிருக்கிறார்கள். அதனால் டீக்கடையில் ஒரு பெயரும், சலூனில் ஒரு பெயரும், ரங்கம்மாளிடம் மூன்றாவதாக ஒரு பெயரும் சொல்லியிருக்கிறேன். மூன்று பெயரில் ஒன்றுகூடச் சரியில்லை. ரங்கம்மாள் அப்போதே நம்பவில்லை.

புறப்படும்போது செங்கம்மாள் ஒரு பொட்டலம் சாமை அரிசியை எழில்மதியிடம் மட்டும் கொடுத்தாள். ராசு பார்க்காத மாதிரி பார்த்தார்.

ஜீப்பு இறங்கத் தொடங்கியது. பின் இருக்கையில் நான், எதிரே ராசு, அவருக்குப் பக்கத்தில் மடியில் பொட்டலத்தோடு எழில்மதி. இரண்டு வளைவு தாண்டியது. ராசு எழில்மதி பக்கம் சாய்ந்தார்.

"அடுத்த கதைக்கு ஒரு பழைய ஒலக்க வேணும் எழிலு. மலையில யார் வூட்லயாச்சும் கேட்டு வாங்கிடு."

"எதுக்கு சார்?"

"சும்மாதான். செவுத்துல சாத்தி வைக்க."

"எதுக்கு சார்?"

"அதான் சொன்னேனே. பின்னால தெரியணும், அவ்ளோதான்."

எழில்மதி அவர் பக்கம் முழுசாகத் திரும்பி உட்கார்ந்தாள். மூன்றாவது முறை அவள் அதையே கேட்டபோது டிரைவர் வேகத்தைக் குறைத்தார். அவருக்கும் தெரிந்துகொள்ள வேண்டியிருந்தது.